மா என்னும் ஓரெழுத்துச் சொல்

சென்னைப் பெசன்ட் நகரின் அருண்டேல் கடற்கரைச் சாலையில் உள்ள டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம், ஐயர் மறைந்த அடுத்த ஆண்டான 1943இல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் தோன்றியது. ஐயர் ஊர் ஊராக அலைந்து திரட்டிய ஓலைச்சுவடிகளைக் காத்துவரும் அந்நிலையத்தில், தமிழின் மிகச் சிறிய சொற்களுள் ஒன்றான 'மா' எத்தகைய சிக்கலை எழுப்பக்கூடும் என்பதைக் கண்ணாலேயே காணலாம். பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆகாரத்தைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. எனவே ஓலையில் 'ம' என்ற எழுத்தும் அதை அடுத்து ஒரு காலும் கீறப்பட்டிருந்தால், அதை 'மா' என்றும் படிக்கலாம், 'மர' என்றும் படிக்கலாம், 'மர்' என்றும் படிக்கலாம். 'மாமரம்' என்ற சொல் அந்த ஓலையில் 'மாமாம' என்றே தோற்றமளிக்கும். பதிப்பாசிரியர் முன்னும் பின்னும் உள்ள சொற்களையும், செய்யுளின் யாப்பையும், பாடப்படும் பொருளையும் நோக்கிய பின்னரே அது மாமரமா, வேறொன்றா என்று முடிவு செய்ய இயலும்.

எழுத்துச் சிக்கல் தீர்ந்து, அச்சொல் 'மா'தான் என்று உறுதியான பிறகும் வேலை முடிவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, 'மா' என்பதை ஒரே சொல்லாகக் கொள்ளாமல், தனித்தனிச் சொற்களாகப் பிரித்து அடுக்குகிறது. மாமரம் ஒரு பொருள்; விலங்கு இன்னொன்று; விலங்குகளுள் சிறப்பாகக் குதிரை மற்றொன்று. பெருமையும் கருமையும் அதற்குப் பொருள்கள். திருமகளுக்கும் அது பெயர். வடமொழியிலும் 'மா' என்பது திருமகளைக் குறிப்பதால்தான் 'மாதவன்' என்ற பெயருக்குத் திருமகளின் கணவன் என்று பொருள் கூறும் மரபு உண்டு. அந்த வகையில் பெசன்ட் நகர்க் கடலோரத்தில் எழுந்துள்ள அஷ்டலட்சுமி கோயிலை எட்டு 'மா'க்களின் கோயில் என்றும் சொல்லலாம். அரைத்த தானியத்தைச் சென்னை மக்கள் 'மாவு' என்கிறார்கள்; யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் பிற தமிழ்ப் பகுதிகளிலும் கோதுமை மா, அரிசி மா என்று பழைய ஓரெழுத்து வடிவமே இன்றும் கடைகளிலும் அடுப்படிகளிலும் வழங்குகிறது.

இவற்றோடு 'மா' ஓர் எண்ணும் ஆகும். தமிழர் கீழ்வாய் இலக்கத்தில், அதாவது ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்களைக் குறிக்கும் கணக்கில், இருபதில் ஒரு பங்கு 'மா' எனப்படும். எண்பதில் ஒரு பங்கு 'காணி' எனப்படும். இவ்விரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒரு பங்கு வரும் என்பதை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்தப் பதினாறில் ஒன்றுக்குத் தமிழில் பெயர் 'மாகாணி'. பெயரே ஒரு கூட்டல் கணக்காக அமைந்திருக்கும் இந்த நுட்பம், இன்று பள்ளிகளில் சொல்லித்தரப்படாமல் மறைந்துபோனது வருந்தத்தக்கது. நிலத்தளவையில் நூறு குழி கொண்டது ஒரு மா, இருபது மா கொண்டது ஒரு வேலி. ஆகவே நிலத்திலும் 'மா' என்பது வேலியின் இருபதில் ஒரு பங்குதான். காவிரிப் படுகை உழவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கரை இன்றும் ஒரு மா என்றே கணக்கிடுகிறார்கள்.

இத்தனை பொருள்களும் ஒரு சொல்லின் கிளைகள் அல்ல. ஒரே பொருள் காலப்போக்கில் விரிந்து பல பொருள்களாவது ஒரு வகை. 'கண்' என்பது முதலில் விழியையும் பிறகு தேங்காயின் கண்ணையும் மூங்கிலின் கணுவையும் குறிப்பதுபோல. வேறுவேறு தோற்றமுடைய சொற்கள் ஒலியால் மட்டும் ஒன்றுபோல் அமைந்துவிடுவது இன்னொரு வகை. மாமரத்துக்கும் இருபதில் ஒன்றுக்கும் பொதுவான கருத்து எதுவும் இல்லை. அவை ஒப்பொலிச் சொற்கள். குதிரை விலங்குகளுள் ஒன்றாதலால் அவ்விரு பொருள்களும் உறவுடையவை, அது விரிவு. ஆகவே 'மா'வுக்குள் இருவகையும் கலந்து கிடக்கின்றன.

இந்தக் கலப்பைத் தமிழ் இலக்கணிகள் பண்டே ஆராய்ந்தார்கள் என்பது, மொழியியல் வரலாற்றில் உரிய இடம் பெறாத செய்தி. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியல், மாமரத்தைக் குறிக்கும் 'மா'வையும் விலங்கைக் குறிக்கும் 'மா'வையும் தனித்தனியே பெயரிட்டு, இரண்டும் வேறு சொல்லோடு சேரும்போது வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும் என்று விதிக்கிறது. மரத்தைக் குறிக்கும் 'மா'வுக்குப் பின் வல்லெழுத்து வந்தால், அதற்கு இனமான மெல்லெழுத்து இடையில் தோன்றும். ஆகவே மாமரத்தின் கிளை 'மாங்கோடு'. விலங்கைக் குறிக்கும் 'மா'வுக்குப் பின் னகர ஒற்று தோன்றும். ஆகவே விலங்கின் கொம்பு 'மான்கோடு'. தனியே நிற்கும்போது பிரித்தறிய இயலாத இரு சொற்களை, அண்டைச் சொல் வந்து ஒட்டும் இடத்தில் மொழியே பிரித்துக் காட்டுகிறது. இரண்டும் ஒலியால் ஒன்றாகிவிட்டாலும், புணர்ச்சி என்னும் ஒட்டுமிடத்தில் வேறுபாடு அழியாமல் எஞ்சியிருக்கிறது.

சொல்லதிகாரம் இதே சிக்கலை மற்றொரு பக்கத்திலிருந்து அணுகுகிறது. பல பொருள் ஒரு சொல்லை அது இரண்டாகப் பகுக்கிறது: உடன்வரும் வினையால் பொருள் விளங்கிவிடுவது ஒன்று, வினையாலும் விளங்காதது மற்றொன்று. உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தேர்ந்த சொல்லே 'மா'தான். 'மா பூத்தது' என்றால் அது மரமே; 'மா ஓடியது' என்றால் அது விலங்கே. ஆனால் 'மா வீழ்ந்தது' என்றால் மரமும் வீழும், விலங்கும் வீழும். அங்கே பேசுவோர் 'மாமரம் வீழ்ந்தது' என்றோ 'விலங்குமா வீழ்ந்தது' என்றோ தெளிவுபடுத்த வேண்டும். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்ற கருத்தும் தொல்காப்பிய உரியியலில் உண்டு. ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான பிணைப்பு இல்லை, அது சமூக வழக்கால் அமைவது என்று சுவிட்சர்லாந்து மொழியியலாளர் பெர்டினாண்ட் டி சசூர் கூறி, அவர் மறைவுக்குப் பின் 1916இல் நூலாக வந்த கொள்கையோடு இதை ஒப்பிட்டுப் படிப்பது பயன்தரும்.

கணினியால் மொழிபெயர்க்க முடியுமா என்று 1949இல் ஒரு குறிப்பு எழுதிய அமெரிக்கக் கணித அறிஞர் வாரன் வீவர், பல பொருள் ஒரு சொல்லைத்தான் முதல் தடையாகக் கண்டார். புத்தகப் பக்கத்தை ஒரு சொல் மட்டும் தெரியும்படி துளையிட்ட தாளால் மறைத்துவிட்டால், அச்சொல்லின் பொருளை அறிய முடியாது. துளையை அகலப்படுத்தி இருபுறமும் சில சொற்கள் தெரியச் செய்தால் பொருள் தானே துலங்கும் என்பது அவர் கருத்து. பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல், ஒரு சொல்லை அதனோடு கூடிவரும் சொற்களால் அறியலாம் என்று இதையே கொள்கையாக்கினார். இன்றைய கணினி மொழிமாதிரிகள், ஒரு சொல் எந்தெந்தச் சொற்களின் அருகில் எவ்வளவு முறை வருகிறது என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களில் கணக்கிட்டு, அக்கணக்கையே அச்சொல்லின் பொருளுக்கு ஈடாகக் கொள்கின்றன. 'பூத்தது' அருகில் வந்தால் மரம், 'ஓடியது' அருகில் வந்தால் விலங்கு என்ற பழைய பகுப்பும் இதே அடிப்படையில் நிற்பதுதான்.

சிறிய சொற்களில் இவ்வளவு பொருள்கள் குவிவது ஏன் என்ற வினாவுக்குக் கணக்குவழியில் விடை தேடியவர், ஆர்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கிங்ஸ்லி சிப்ஃப். அடிக்கடி வழங்கும் சொற்கள் சுருங்கியிருக்கும் என்பதையும், அடிக்கடி வழங்கும் சொற்களுக்கே பொருள்கள் மிகுதி என்பதையும் அவர் காட்டினார். பேசும் வாய்க்குக் குறைந்த முயற்சி வேண்டும். ஆனால் குறுகிய ஒலிச்சேர்க்கைகள் எண்ணிக்கையில் குறைவு. தமிழில் உயிர்மெய்யெழுத்துகள் மொத்தமே 216. நன்னூல் கணக்கிடும் ஓரெழுத்து ஒருமொழிகள் 42. அவற்றுள் மகர வரிசைக்கு உரியவை ஆறு. இந்தச் சின்னஞ்சிறு இடத்துக்குள் எத்தனையோ பொருள்கள் நுழைய முயல்வதால், ஒரே ஒலியைப் பல பொருள்கள் பகிர்ந்துகொள்ள நேர்கிறது. ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளை ஆராய்ந்து ஸ்டீவன் பியான்டடோசியும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய பொருள் மயக்கம் மொழியின் குறை அன்று, அதன் சிக்கனம் என்று வாதிடுகிறது: சூழலே பொருளை உணர்த்திவிடும்போது, சொல்லும் அதே செய்தியை மீண்டும் சுமப்பது வீண் உழைப்பு. இக்கருத்து ஏற்கத்தக்கதே. மயக்கமில்லாத மொழி ஒன்றை எவரேனும் உருவாக்கினால், அதன் சொற்கள் நாவுக்கு எட்டாத நீளத்தில் இருக்கும்.

ஒரு மொழிக்குள் நிகழ்வதே மொழிகளுக்கு இடையிலும் நிகழ்கிறது. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் மகர ஒலி உண்டு. ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த அசை இல்லாத மொழி இல்லை என்றே மொழியியலாளர் கொள்வர். ஆகவே 'மா' அல்லது அதன் குறில் வடிவம் எங்கும் கிடைப்பதில் வியப்பில்லை. இத்தாலியில் அது 'ஆனால்'. இலத்தீன் மொழியில் 'மேலும்' என்று பொருள்பட்ட 'மகிஸ்' தேய்ந்து அப்படியாயிற்று. பிரெஞ்சில் அது பெண்பால் பெயருக்கு முன் வரும் 'என்னுடைய'. அங்கேரியருக்கு அது 'இன்று', ஃபின்லாந்தில் 'நிலம்', எஸ்தோனியாவில் 'நான்', போலந்தில் 'அவனிடம் உண்டு', அரபியில் 'என்ன'. ஜப்பானியத்தில் இரண்டு பொருள்களுக்கோ இரண்டு நிகழ்வுகளுக்கோ நடுவே உள்ள இடைவெளிக்கு அது பெயர். கட்டடக் கலையிலும் இசையிலும் அந்நாட்டார் போற்றும் கருத்து அது.

கிழக்காசிய மொழிகளில் இந்த அசை வேறொரு வழியில் பெருகுகிறது. அங்கே தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், எழுத்தொலியைப் போலவே பொருளை மாற்றும் உறுப்பு. மாண்டரின் சீனத்தில் ஒரே சீரான உயர்ந்த குரலில் சொன்னால் 'மா' தாய். ஏறும் குரலில் சணல். தாழ்ந்து எழும் குரலில் குதிரை. விழும் குரலில் திட்டுதல். தாய்லாந்து மொழியில் சமனான குரலில் 'வா' அல்லது 'வருதல்', உயர்ந்த குரலில் குதிரை, ஏறும் குரலில் நாய். ஆறு தொனிகள் கொண்ட வியட்நாமியத்தில் பேய், ஆனால், கன்னம், கல்லறை, நாற்று என்று பொருள்கள் அடுக்கடுக்காக விரிகின்றன. இவற்றைத் தமிழ்ச் செவி ஒரே சொல்லாகக் கேட்கிறது. வியட்நாமியச் செவிக்கு அவை 'கல்', 'கால்' போல வெளிப்படையாக வேறானவை. குறில் நெடில் வேறுபாடு பொருள் மாற்றாத மொழிகளைப் பேசுவோர், தமிழரின் 'கல்லையும் காலையும்' கேட்டு இவ்வாறே தடுமாறுவர்.

தாயைக் குறிக்கும் சொல்லில் மட்டும் மொழிகள் தற்செயல் அனுமதிக்கும் அளவைக் காட்டிலும் மிகுதியாக ஒன்றுபடுகின்றன. மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் உலக மொழிகளிலிருந்து தாயையும் தந்தையையும் குறிக்கும் 1,072 சொற்களைத் தொகுத்தார். அத்தொகுப்பை ஆராய்ந்த மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன், தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காட்டில் மூக்கொலி இருப்பதையும், தந்தையைக் குறிக்கும் சொற்களில் அது 15 விழுக்காடே என்பதையும் எடுத்துக்காட்டினார். மூக்கொலி என்பது தமிழிலக்கணம் மெல்லினம் என வகுத்த ங, ஞ, ண, ந, ம, ன போன்ற, காற்று மூக்குவழி வெளியேறும் ஒலிகள். பால் குடிக்கும் குழந்தையின் வாய் மார்பில் பதிந்திருக்க, அது எழுப்பக்கூடிய ஒலி மூக்குவழி வரும் முனகல் மட்டுமே. பிறகு உணவை நாடும்போதும் அன்னையை நாடும்போதும் அம்முனகலே வாய் திறந்து ஆகாரத்தோடு சேர்ந்து ஒலிக்கிறது என்பது யாக்கப்சன் தந்த விளக்கம். இதழ்கள் முற்றும் மூடும் 'ம்', வாய் முழுதும் திறக்கும் 'ஆ' ஆகிய இரண்டின் இடையே உள்ள எதிர்நிலை, பேசப் பழகும் வாய்க்கு மிக எளியது. குழந்தை ஒலிக்கிறது; பெற்றோர் அதற்குப் பொருள் வழங்குகிறார்கள். பொருள் வழங்குவது பெற்றோரே என்பதால், அது எப்போதும் தாயாகவே அமைவதும் இல்லை: ஜார்ஜிய மொழியில் 'மாமா' தந்தை, தாய்க்குப் பெயர் 'தேதா', தமிழில் 'மாமா' தாயின் உடன்பிறந்தவர்.

இந்த இடத்தில்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இந்தி பேசுவோரின் 'மா' சமஸ்கிருத 'மாத்ரு'விலிருந்து படிப்படியாகத் தேய்ந்து வந்தது. இலத்தீன் 'மாத்தர்' அதன் உறவுச் சொல். சீனரின் 'மா'வுக்கும் அதற்கும் பிறப்பால் உறவில்லை. இரண்டையும் ஒன்றுபோலாக்கியது குழந்தையின் வாய். மறுப்புச் சொல்லிலும் இத்தகைய வலை உண்டு. சமஸ்கிருதத்தில் 'மா' என்றால் 'செய்யாதே' என்னும் விலக்கு. கிரேக்கத்தின் 'மே', ஆர்மீனியத்தின் 'மி' ஆகியவை அதன் உடன்பிறப்புகள். திபெத்திய மொழியிலும் பர்மிய மொழியிலும் வினைக்கு முன் வரும் 'ம' மறுப்பைக் குறிக்கும். அவ்விரண்டும் தமக்குள் உறவுடையவை. அரபியிலும் 'மா' மறுக்கும். மூன்று மொழிக்குடும்பங்களில் ஒரே பொருள். ஆயினும் குடும்பத்துக்குள் இருப்பது உறவு, குடும்பங்களுக்கு இடையில் இருப்பது தற்செயல் என்பதே இன்றுவரை நிறுவக்கூடிய முடிவு.

இன்னும் மயக்கந்தரும் இணை ஒன்று சீனத்துக்கும் தமிழுக்கும் இடையே உள்ளது. சீன வாக்கியத்தின் இறுதியில் 'மா' என்று சேர்த்தால் அது வினாவாகிவிடும். 'வருமா?', 'வேண்டுமா?', 'போதுமா?' என்று தமிழ் வினாவும் அதே ஒலியில் முடிகிறது. எனினும் தமிழ் வினாவில் 'மா' என்றொரு சொல்லே கிடையாது. 'வரும்' என்னும் முற்றின் மகர ஒற்றின்மேல் 'ஆ' என்ற வினா இடைச்சொல் ஏறி நிற்கிறது, அவ்வளவே. 'வந்தான்' என்பதோடு அதே 'ஆ' சேரும்போது 'வந்தானா' ஆகிறதே ஒழிய 'வந்தான்மா' ஆவதில்லை. சீனத்தின் 'மா'வோ, 'இல்லை' என்று பொருள்பட்ட பழஞ்சொல் ஒன்றை வாக்கிய இறுதியில் வைத்து 'வருகிறாயா, இல்லையா' என்பதுபோல் கேட்ட வழக்கிலிருந்து வளர்ந்தது. சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்பவர், இரு பெரும் மொழிகளுக்கு இடையே இல்லாத உறவை உண்டாக்கிவிடுவார். தமிழில் 'மா' குதிரை, சீனத்திலும் குதிரை என்பதைக் கொண்டு கட்டப்படும் கோட்டைகளும் இத்தகையவையே. தமிழ்ச் சொல்லுக்கு அடிப்படை விலங்கு என்னும் பொதுப்பொருள், சீனச் சொல்லுக்கு அப்படி ஒரு பொதுப்பொருள் இல்லை. ஒலியொப்புமையை வைத்து உலக மொழிகளையெல்லாம் தமிழுக்குக் கீழே கொண்டுவர முயல்வது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. ஆராய்ச்சியைத் தாங்கும் சான்றுகள் தமிழிடம் நிறையவே இருக்கும்போது, தாங்காத சான்றை முன்வைப்பது அவற்றையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

உறவை நிறுவுவது ஒப்புமை அன்று, ஒழுங்கு. தமிழில் பகரத்தில் தொடங்கும் பால், பத்து, பல் ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹல்லு என்று ஹகரத்தில் தொடங்குகின்றன. ஒலி மாறியிருக்கிறது, ஆனால் மாற்றம் சொல்லுக்குச் சொல் அதே முறையில் நிகழ்ந்திருக்கிறது. இத்தகைய ஒழுங்குகளின் துணையால், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்தின் கிளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்ற கருத்தை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இல் இதே சென்னை நகரில் முன்வைத்தார். மொழியறிஞர் கால்டுவெல் 1856இல் அதை விரிவாக நிறுவினார். உறவுச் சொல் ஒலியால் விலகி நிற்கக்கூடும் என்பதற்குத் தெலுங்கு 'மா'வே சான்று. தெலுங்கு பேசுவோர் 'மா இல்லு' என்றால் 'எங்கள் வீடு' என்று பொருள். கேட்பவரும் அவ்வீட்டுக்கு உரியவராயின் 'மன இல்லு' என்பார்கள். அந்த 'மா' தமிழின் எந்த 'மா'வோடும் தொடர்பற்றது. 'எம்' என்னும் தமிழ்ச் சொல்லோடுதான் அது உறவுடையது. காதுக்கு ஒன்றாகக் கேட்பது அயல், வேறாகக் கேட்பது உறவு.

பிறப்பு, தற்செயல், குழந்தையின் வாய் ஆகிய மூன்றும் அன்றி, நான்காவது வழி ஒன்று உண்டு; அது கடன். பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் சுண்டலோடு சீவிப் போடப்படும் மாங்காயின் பெயர் அதற்கு எடுத்துக்காட்டு. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் அப்பெயர், மலாய் மொழியில் 'மங்கா' ஆகி, இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வழியாகப் போர்த்துகீசியத்தில் 'மங்கா'வாக நுழைந்து, ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. ஸ்பானியம், ஜெர்மன், ரஷ்யம், ஜப்பானியம் எனப் பல மொழிகளும் அதை ஏற்றுக்கொண்டன. கடன்சொல் என்பதற்குச் சான்று அதன் நடுவில் உள்ள மூக்கொலி. மா, காய் என்ற இரு சொற்கள் சேரும்போது இடையில் ஙகரம் தோன்றுவது தமிழுக்கும் மலையாளத்துக்கும் உரிய புணர்ச்சி. 'மா' விலங்காக இல்லாமல் மரமாக இருந்தால் மட்டுமே அந்த மெல்லெழுத்து தோன்றும் என்பது தொல்காப்பிய விதி. ஆங்கிலத்துக்கோ ரஷ்யத்துக்கோ அப்படி ஒரு விதி இல்லை. ஆயினும் அம்மொழிகள் அந்த ஒலியை விடாமல் சுமந்து திரிகின்றன. சீனர்கள் அப்பழத்தை 'மாங்குவோ' என்கிறார்கள். அயற்சொல்லின் ஒலிக்கு இசைவாகத் தங்கள் எழுத்துகளுள் தேர்ந்தபோது, இறுதி அசைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட 'குவோ' என்பதன் பொருள் 'பழம்'. தமிழில் 'காய்' நின்ற இடத்தில் இப்போது அது நிற்கிறது.